அக்காவின் பங்குப் பாசி

பெரும்பாறைக்குக் கீழே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில், ஓடை திரும்பும் இடத்தில் ஒரு நீச்சல் தொட்டி இருக்கிறது. எஸ்டேட் காலத்தில் கட்டியது. மூன்று பக்கம் வெட்டுக்கல் சுவர். நாலாவது பக்கம் பாறையே சுவர். மேல் மூலையில் ஓடைத் தண்ணீர் வந்து விழும். கீழ் மூலையில் மரப்பலகை வைத்த மதகு. ஒரு கோடியில் இடுப்பளவு ஆழம், மறு கோடியில் ஆள் மூழ்கும். எஸ்டேட் துண்டு துண்டாக விலைபோன பிறகு தொட்டிக்கு யாரும் பாத்தியதை கேட்டு வரவில்லை. அதனால் அது ஊருக்கு ஆனது. கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் அதில்தான் குளித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாண்டிக்குடி ரோட்டில் போகும் சுற்றுலா ஜீப்புகளும் அங்கே நிற்கும். வருகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்தால் மட்டும் சத்தம் போடுவார்கள்.

ஊர்க்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தேய்த்தால்தான் குளிக்கலாம். சனிக்கிழமை காலையில் மதகுப் பலகையை உருவித் தொட்டியை வடிப்பார்கள். சுவரும் தரையும் வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். எல்லையாக உளியால் கொத்திய கோடு இருக்கும். அவரவர் பங்கில் படிந்த பாசியை அவரவர் தேய்த்து எடுக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது. வடிகிற தண்ணீரைக் கீழே இருக்கிறவர்கள் குடிக்கிறார்கள். ஆற்று மணலும் கம்பி பிரஷும்தான். பலகையைத் திரும்பச் செருகினால் சாயங்காலத்துக்குள் தொட்டி நிறைந்துவிடும்.

யாராவது இறந்தால், எந்தக் கிழமையானாலும் தொட்டியை வடிப்பார்கள். அடக்கம் முடிந்து வருகிறவர்கள் தலைமுழுகப் புதுத் தண்ணீர் வேண்டும். வடித்த தொட்டியில் இறந்தவரின் பங்கை மட்டும் எல்லாரும் சேர்ந்து தேய்ப்பார்கள். ஆளுக்கு ஓர் இழுப்பு. ஒருவர் பங்கை இன்னொருவர் தொடுவது அந்த ஒரு நாள்தான்.

என் அக்காவின் பங்கு மதகுக்குப் பக்கத்தில், ஆழமான கோடியில் இருந்தது. மேலே ஒரு பலா மரம் கிளை பரப்பி நின்றதால் அங்கே வெயில் அதிகம் விழாது. கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன வருடமே அக்கா அந்தப் பங்கை மாமியார் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. சனிக்கிழமை காலையில் பாவாடையை ஏற்றிச் செருகிக்கொண்டு தேய்ப்பாள். தண்ணீர் நிறைந்ததும் முதலில் குதிப்பாள். எங்கள் வீட்டில் நீச்சல் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் கணவரான மச்சானுக்குப் பச்சைத் தண்ணீரே ஆகாது. வீட்டில் வெந்நீர் போட்டுக் குளிக்கிறவர். தொட்டிக்கரையில் துண்டோடு உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருப்பார். அதனால் ஊரில் அவருக்குக் கேலிப் பெயர்கூட இருந்தது.

அடுத்த பங்குக்காரி அக்காவின் கூட்டாளி. ஒரே வயது. அக்காவை மதினி என்பாள். இருவருக்கும் கோட்டைப் பற்றித் தீராத சண்டை.

“உன் பாசியெல்லாம் என் பக்கம் தள்ளுற மதினி.”

“பாசிக்கு நீ வேலி போட்டு வையிடி.”

இந்தச் சண்டையைக் கேட்கவே சிலர் மெதுவாகத் தேய்ப்பார்கள்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். நான் திண்டுக்கல்லில் ஒரு நாளிதழில் செய்தி திருத்துகிறவன். வேலை முடிந்ததும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். மச்சான் அங்கேயே வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தார். சிகிச்சை மாதக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா கூட்டாளிக்குப் போன் போடச் சொல்வாள்.

“என் பங்க யாரும் தொடலையே?”

“தொடுவமா? பச்சைப் பசேல்னு கெடக்கு. தவளை குடிவந்துருச்சு. நீ வந்து அத வெரட்டு.”

“வாரேன். வந்து தேய்ச்சுட்டு ஒரு முங்கு போடணும். அதுக்குத்தான் இந்த மருந்தெல்லாம் முழுங்குறேன்.”

மச்சான் ஒருமுறை, ஊரில் யாரையாவது விட்டுத் தேய்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். பாசி தடித்தால் வழுக்கும், யாராவது விழுந்துவிடப் போகிறார்கள் என்பது அவர் கவலை. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“நான் இருக்கையிலயா?”

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனிச் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் எங்களிடம் சொன்னார். வீட்டுக்குப் போகலாம் என்ற பாதியை மட்டும் அக்காவிடம் சொன்னோம். அவள் மற்றப் பாதியைக் கேட்கவில்லை. உட்கார்ந்து வர முடியாது என்பதால் ஆம்புலன்ஸ் பேசினோம். அன்று சனிக்கிழமை.

எங்கள் மலையில் ஆம்புலன்ஸைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. உயிரோடு இருப்பவரை அது கீழே கொண்டுபோகும். குணமானவர்கள் பஸ்ஸிலோ ஜீப்பிலோ திரும்பி வருவார்கள். ஆம்புலன்ஸ் மேலே ஏறினால் அதில் உடல்தான் இருக்கும். சத்தமில்லாமல் மெதுவாக ஏறினால் சந்தேகமே இல்லை. எங்கள் ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல்தான் ஏறியது. வளைவுகளில் அக்காவுக்கு வலி எடுத்ததால் மெதுவாகப் போகும்படி நானே டிரைவரிடம் சொல்லியிருந்தேன்.

ஊருக்கு முந்தின வளைவில் தொட்டி கீழே தெரியும். வண்டிக்குள் மல்லாந்து கிடந்த அக்கா கேட்டாள்.

“தொட்டி தெரியுதாடா?”

“தெரியுது. வடிச்சுட்டாங்க. எல்லாரும் தேய்ச்சுக்கிட்டிருக்காங்க.”

“என் பங்கு?”

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெளுத்த கல்லுக்கு நடுவில், மதகுப் பக்கம், ஒரு கரும்பச்சைப் பட்டை.

“அப்படியே இருக்கு.”

அப்போது தொட்டியில் இருந்தவர்கள் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார்கள். கையில் பிரஷ்களோடு அசையாமல் நின்றார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். வண்டி திரும்பிவிட்டது. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியைப் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தொட்டியின் மதகுக்குப் பொறுப்பானவரை மடைக்காரர் என்பார்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர்தான் முதலில் அக்காவின் பங்கை நோக்கி நடந்திருக்கிறார். பொழுது இறங்குவதற்குள் அடக்கம் வைப்பார்கள், தொட்டி நிறைய அரைநாள் ஆகும், இப்போதே பலகை போட்டால்தான் சரியாக இருக்கும் என்பது அவர் யோசனை. யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பள்ளத்தில் செல்போனில் சிக்னல் கிடையாது. கிடைத்தாலும், போன் போட்டு ஆள் போய்விட்டாரா என்று கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. ஒரு செய்தியை இரண்டு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது எங்கள் ஆபீஸ் வழக்கம். துக்க வீட்டில் அது மரியாதைக் கேடு.

கூடி நின்று தேய்த்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் வளர்ந்த பாசி. தோலை உரித்ததுபோல் பாளம் பாளமாக வந்ததாம். அடுத்த பங்குக்காரி முதல் இழுப்பை இழுத்துவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பிறகு தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். பின்னாலேயே நாலைந்து பெண்கள்.

நாங்கள் அக்காவைக் கட்டிலில் கிடத்தி, தலைக்கு உயரமாக இரண்டு தலையணை வைத்திருந்தோம். வாசலில் ஒப்பாரி கேட்டது.

“என்னப் பெத்த மதினி, என்னய விட்டுட்டு...”

“எதுக்குடி இந்தக் கத்து கத்துற?” என்றாள் அக்கா உள்ளேயிருந்து. “பயணம் வந்த அலுப்பு. காப்பி போடு, சீனி கம்மியா.”

கூட்டாளி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். அவள் வாயில் சேலையை வைத்து மூடினாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அக்கா தன் மெலிந்த கையைப் பார்த்துக்கொண்டாள்.

“எலும்பும் தோலுமா கெடக்கேன்னு அழுவுறா. உக்காருங்கடி எல்லாரும்.”

அவள் அப்படி நினைத்துக்கொண்டது எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று. கூட்டாளி அடுப்படிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அங்கே, பால் பொங்கி வழிய, நடந்ததை என்னிடம் சொன்னாள். வாசலில் நின்றிருந்த மச்சானிடம் நான் போய்ச் சொன்னேன். அவர் பலா மரம் இருக்கும் திசையைப் பார்த்தார். “இப்பத் தொட்டிக்குக் கூட்டிட்டுப் போக வேணாம்” என்றார்.

அக்கா விடவில்லை. மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தாள். உடம்பு தேறட்டும் என்றார் மச்சான். இதுக்கு மேல என்ன தேற, என்றாள். குளிராக இருக்கிறது என்றேன் நான். “தொட்டி என்னைக்குடா சுட்டுச்சு?” என்றாள். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, மச்சானும் நானும் மடைக்காரரும் இன்னொருவருமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். சர்ச் முடிந்து வந்தவர்கள் கரையில் நின்றிருந்தார்கள். யாரும் தண்ணீரில் இறங்கியிருக்கவில்லை. அவளுடைய கம்பி பிரஷ் அவள் மடியில் இருந்தது.

தொட்டி நிறைந்து தெளிவாகக் கிடந்தது. அடித்தரை வரை தெரிந்தது. அக்கா மதகுப் பக்கம் பார்த்தாள். கல் வெளேரென்று இருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வெள்ளை.

அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள் ஒப்பாரியும் இந்தக் கல்லும் சேர்ந்து அவளுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும்.

“ஏலே,” என்றாள், பொதுவாக. “என்னய அடக்கம் பண்ணிட்டீகளா?”

கூட்டாளிதான் முன்னால் வந்தாள்.

“ஆம்புலன்ஸு மேல ஏறுனா நாங்க என்னன்னு நெனைக்க? ஒரு காருல வரக் கூடாதா நீ?”

“மல்லாந்து படுத்துக்கிட்டுக் காருல எப்படிடி வர?”

“அப்ப சன்னல் வழியா ஒரு கையவாது நீட்டி ஆட்டியிருக்கலாம்ல?”

அக்கா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு வலிக்காகப் பிடித்துக்கொண்டாள். மடைக்காரர் அவள் காலடியில் குந்தி உட்கார்ந்தார்.

“பிழை என்னோடதுங்க அக்கா. நான்தானே முதல்ல போனேன்.”

“நல்லாத் தேய்ச்சிருக்கீங்க,” என்றாள். “நான் தேய்ச்சாக்கூட இப்படி வெளுக்காது.”

தண்ணீரில் இறக்கட்டுமா என்று மச்சான் கேட்டார். அதற்காக அவர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருசம் கழிச்சு இந்த மனுசன் தண்ணிக்குள்ள கால வைக்கப் போறாராம் என்று அக்கா கூட்டாளியிடம் சொன்னாள். ஆனால் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

“தேய்க்காம எப்படிக் குளிக்க?”

“அதான் தேய்ச்சாச்சே மதினி.”

“நீங்க தேய்ச்சீங்க. நான் தேய்க்கல.”

“டூரிஸ்ட்டெல்லாம் தேய்ச்சுட்டா குளிக்கிறான்?”

“நான் டூரிஸ்ட்டாடி?”

எவ்வளவோ சொன்னார்கள். சர்ச் உபதேசியார்கூட வந்து, நோயாளிக்குச் சட்டம் தளர்வு என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. மடியில் இருந்த பிரஷை மச்சானிடம் நீட்டினாள்.

“பாசி திரும்ப வரட்டும். யாரும் தொடாதீங்க. வந்ததும் வாரேன்.”

பாசி வெரசா வராதுங்க, மழை நின்னுபோச்சு, நிழல் வேற, என்றார் மடைக்காரர். “நான் என்ன ஓடவா போறேன்?” என்றாள் அக்கா.

அதன் பிறகு அந்த ஊர் பாசி வளர்க்க ஆரம்பித்தது. அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் அக்காவின் பங்கை விட்டுச் சுற்றிலும் தேய்த்தார்கள். தேய்த்த மணல் அங்கே உரசிவிடக் கூடாது என்று கூட்டாளி கோட்டின் மேல் ஈரச் சாக்கை விரித்தாள். நிழலில் பாசி தங்காது, வெயில் வேண்டும் என்று ஒருவர் சொல்ல, இரண்டு பேர் பலா மரத்தில் ஏறித் தாழ்ந்த கிளைகளை வெட்டினார்கள். சாணியைக் கரைத்து ஊற்றினால் சீக்கிரம் பிடிக்கும் என்றார் ஒருவர். குளிக்கிற தண்ணியிலயா, உனக்குக் கிறுக்கா என்று மடைக்காரர் அவரை விரட்டினார். ஞாயிற்றுக்கிழமை வந்த ஒரு சுற்றுலாக் குடும்பம் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றபோது, கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் அவர்கள் பயந்து கரையேறிவிட்டார்கள். காரணத்தை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னாலும் விளங்கியிருக்காது.

நான் லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். தினமும் காலையில் வெள்ளனே தொட்டிக்குப் போய் அந்தக் கல்லை செல்போனில் படம் எடுத்து வந்து காட்டுவேன். அக்கா படத்தை நம்ப மாட்டாள்.

“இதுல ஒண்ணும் தெரியல. தொட்டுப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எப்படி இருந்துச்சு?”

பார்த்ததை அப்படியே சொல்வது என் தொழில். ஆனால் விரலில் பட்டதைச் சொல்வது கஷ்டம். முதலில் சொரசொரப்பாக மட்டும் இருந்தது. அப்புறம் ஒரு நாள், கண்ணுக்குத் தெரியாமல், கை வைத்தால் மட்டும் தெரிகிற ஒரு வழுவழுப்பு. ஊற வைத்த உளுந்தைத் தொட்டதுபோல என்றேன். அவள் முகம் மாறியது. “அதான்,” என்றாள். “அப்படித்தான் ஆரம்பிக்கும்.” அன்று இரண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்தாள்.

மச்சான் அவள் பிரஷை எடுத்து, துருவைத் தேய்த்து, எண்ணெய் தடவி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். அவள் விரல்களை மடக்கிப் பிடித்துப் பழகுவதை ஒன்றிரண்டு முறை பார்த்தேன். பிரஷின் கனத்தில் மணிக்கட்டு சரிந்தது. கூட்டாளி அதைப் பார்த்துவிட்டு, “நான் உன் கையைப் பிடிச்சுக்கிறேன், இழுக்குறது நீதான்” என்றாள். அக்கா அதற்குச் சம்மதித்தாள். வருகிற சனிக்கிழமை என்று பேச்சானது. பாசி இன்னும் கொஞ்சம் தடிக்கட்டும், அதற்கடுத்த சனிக்கிழமை என்று அக்காதான் தள்ளிப்போட்டாள். ஏனோதானோவென்று தேய்க்க அவளுக்கு இஷ்டமில்லை.

கல்லில் இளம்பச்சை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த வாரத்தில், ஒரு காலை, காப்பித் தம்ளரை மச்சான் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். தூங்குகிறாள் என்று நினைத்து அவர் தம்ளரைக் கழுவப் போனார். திரும்பி வந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

இந்த முறை ஊருக்கு நானே நடந்துபோய்ச் சொன்னேன். முதலில் மடைக்காரரிடம். அவர், “நீங்க பாத்தீங்களா தம்பி, உங்க கண்ணால?” என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அதன் பிறகும் அவர் மதகைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து, கட்டிலருகே நின்று, தானும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

தொட்டியை வடிப்பதற்கு முன்னால் பெண்கள் குடங்களில் தண்ணீர் எடுத்து வந்தார்கள். அதில்தான் அக்காவைக் குளிப்பாட்டினார்கள். வெந்நீர் கலக்கட்டுமா என்று யாரோ கேட்டதற்கு, “அவளுக்கு எதுக்கு வெந்நி? அண்ணனுக்குத்தான் வெந்நி” என்றாள் கூட்டாளி. சொல்லிவிட்டு அடுத்த குடத்தைத் தூக்கினாள்.

பலகையை உருவினார்கள். தண்ணீர் இறங்க இறங்க அக்காவின் பங்கு மேலிருந்து கீழாக வெளியே வந்தது. மற்றக் கற்களுக்கு நடுவில் அது மட்டும் மங்கலாகப் பச்சை பூத்திருந்தது. ஈரத்தில் பார்த்தால்தான் தெரியும். ஊர் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கி வரிசையாக நின்றது. அடுத்த பங்குக்காரி முதலில், உறவுக்காரர்கள் கடைசியில் என்பது முறை. கூட்டாளி கோட்டின் மேலிருந்த சாக்கை எடுத்து மடித்துக் கரையில் வைத்துவிட்டு, ஓர் ஓரத்தில் மிகச் சிறியதாக ஓர் இழுப்பு இழுத்தாள். அடுத்தவர்களும் அதைப் பார்த்துச் சின்னச் சின்னதாக இழுத்தார்கள். பிரஷை அழுத்தாமல், பின்னால் இருப்பவர்களுக்கு மிச்சம் வைத்து, கல்லின் மூலைகளில் தேய்த்துவிட்டு நகர்ந்தார்கள். அப்படியும் பாசி போதவில்லை. வரிசையில் பாதிப் பேர் இருக்கும்போதே கல் வெளுத்துவிட்டது. மீதிப் பேர் வெறும் கல்லைத் தேய்த்தார்கள். நானும் வெறும் கல்லைத்தான் தேய்த்தேன். கடைசியாக மச்சான், எண்ணெய் தடவிய அந்தப் பிரஷால், மேலிருந்து தரை வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தார். கம்பி கல்லில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

அடக்கம் முடிந்து வந்தபோது தொட்டி நிறைந்திருந்தது. எல்லாரும் முழுகினார்கள். மச்சானுக்கு வீட்டில் வெந்நீர் போடச் சொல்லியிருந்தார்கள். அவர் கேட்காததுபோல் நடந்து, மதகுப் பக்கம் போய், அவள் பங்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்கினார். நீச்சல் தெரியாதவர், ஆழமான கோடி. மடைக்காரர் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருந்தார். கல் வழுக்கவில்லை. மச்சான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை முங்கி எழுந்தார்.